படிப்போடு சேர்த்துச் சமூகப் பணி: வாரத்தில் மூன்று மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

கேள்வி: பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். வகுப்புகளும் ஆய்வுக் கட்டுரை வேலையும் போக, வாரத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எனக்குக் கிடைக்கிறது. அந்த நேரத்தை உண்மையிலேயே யாருக்காவது பயன்படும் ஒரு பணிக்குக் கொடுக்க விரும்புகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் தூய்மைப் பணி, மரக்கன்று நடுதல், குருதிக்கொடை முகாம் ஆகியவை அவ்வப்போது நடைபெறுகின்றன. கலந்துகொள்வோருக்குச் சான்றிதழும் வழங்கப்படுகிறது. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நட்ட கன்றுகளுக்கு விடுமுறைக் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர் எவரும் இருப்பதில்லை.

என்னுடைய நெருங்கிய தோழி வேறொரு கருத்தைச் சொல்கிறாள். அரசும் உள்ளாட்சியும் செய்ய வேண்டிய வேலையை மாணவர்கள் செய்துகொண்டிருந்தால் குறைகள் மறைக்கப்படுமே தவிர நீங்காது என்பதும், அந்த நேரத்தை உரிமையைக் கேட்டுப் பெறுவதற்குச் செலவிட வேண்டும் என்பதும் அவள் வாதம். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று உதவி தேவைப்படுபவரிடம் சட்டம் மாறும்வரை காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைந்த நேரத்திற்கு ஏற்ற பணிகள் எவை என்பதையும், தோழியின் கேள்விக்கு உங்கள் பதில் என்ன என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பல்கலைக்கழகச் சமூகப் பணிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று நீங்கள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. எந்த அமைப்பில் சேருவதாக இருந்தாலும் அதையே வேறு சொற்களில் முதலில் கேளுங்கள்: எனக்கு யார் பயிற்சி தருவார்கள், நான் வராத வாரத்தில் என் இடத்தில் யார் இருப்பார்கள், நான் படிப்பை முடித்துப் போன பிறகு இந்தப் பணியை யார் ஏற்பார்கள்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் அமைப்பு, பெயர் பெற்றதாக இல்லாவிட்டாலும், சேர்வதற்குத் தகுந்தது.

மூன்று மணி நேரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே கிழமையில், ஒரே நபருக்குத் தொடர்ந்து கொடுக்கப்படும் நேரம் அளவில் சிறியதாக இருந்தாலும் பலன் தருகிறது. வாசிப்பில் பின்தங்கிய குழந்தையுடன் அமர்ந்து படிக்கும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தகைய குழந்தைகள் பலர், பாடத்தை மனப்பாடம் செய்து தடையில்லாமல் ஒப்பிப்பார்கள். வரியின் நடுவில் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் விரலால் சுட்டிக் கேட்டால் நின்றுவிடுவார்கள். எந்த எழுத்தில் தடுமாறுகிறார்கள் என்பது வாராவாரம் வரும் ஒருவருக்குத்தான் பிடிபடும். ஒவ்வொரு வாரமும் புதிய முகம் வந்தால், குழந்தை மீண்டும் மனப்பாடத்திற்குள் ஒளிந்துகொள்ளும்.

இதே காரணத்திற்காக ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்குச் சில நாள்கள் சென்று விளையாடித் திரும்பும் திட்டங்களில் சேராதீர்கள். அன்பு காட்டியவர்கள் அடுத்தடுத்துக் காணாமல் போவது அந்தக் குழந்தைகளுக்கு நீண்ட காலத் தீங்கு விளைவிக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2019ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தில், இத்தகைய இல்லங்களை நாடிச் செல்லும் தன்னார்வச் சுற்றுலாவும் கவனிக்கப்பட வேண்டிய ஒன்றாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. குழந்தைகளோடு பழக வருபவரின் பின்னணியைச் சரிபார்க்காமல் உள்ளே விடும் எந்த இடத்தையும் நீங்களே தவிர்த்துவிடுங்கள்.

சான்றிதழைப் பற்றி ஒரு சொல். மணிக்கணக்கு வைப்பது தவறல்ல. 1969ஆம் ஆண்டு இந்தியாவில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டமும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் என்றுதான் வகுத்திருக்கிறது. ஆனால் கணக்கேட்டில் மணிகளுக்குப் பக்கத்தில், அன்று என்ன நடந்தது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரிகள் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு அந்த இரண்டு வரிகள்தாம் உதவும்.

பதில்: பார்வையற்ற முதுகலைப் பட்டதாரி

சகோதரி, உதவி பெறும் இடத்தில் இருந்து எழுதுகிறேன். ஏனெனில் இத்தகைய உரையாடல்களில் எங்கள் குரல் பெரும்பாலும் கேட்பதில்லை. தேர்வில் நாங்கள் சொல்வதை எழுதும் பணி, அதாவது ஸ்கிரைப் பணி, உங்கள் நேரத்திற்கு மிகவும் பொருந்தும். தேர்வுக் காலத்தில் ஆள் கிடைக்காமல் நாங்கள் படும் தவிப்பு படிப்பின் சுமையைவிடப் பெரியது. கடைசி நாளில் ஒருவர் வர முடியாது என்று சொல்லிவிட்டால், ஓராண்டு உழைப்பே கேள்விக்குறியாகிவிடும்.

நல்ல கையெழுத்து இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதைவிட முக்கியமானது வாசிக்கும் முறை. வினாத்தாள் முழுவதையும் முதலில் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். எந்த வினாவை எடுப்பது என்பதை நாங்கள் அப்போதுதான் முடிவுசெய்ய முடியும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா என்றால் நான்கையும் ஒரே தொனியில் வாசிக்க வேண்டும். சரியான விடையைத் தம்மை அறியாமல் சற்று அழுத்தி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அது எங்களுக்கு உதவி அல்ல, எங்கள் மதிப்பெண் எங்களுடையதாக இல்லாமல் ஆக்கிவிடும் செயல். வரைபடம் வந்தால், கிடை அச்சில் என்ன, நிலை அச்சில் என்ன என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று சொல்லுங்கள். பொருளியல் படிக்கும் உங்களுக்கு இது எளிதாகவே வரும். ஆனால் தேர்வு எழுதுபவரின் பாடத்தையே படித்தவர் எழுதக் கூடாது என்று விதி வைத்திருக்கும் தேர்வுகளும் உண்டு. ஆகவே முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு இல்லாத மாதங்களிலும் வேலை இருக்கிறது. அச்சுப் பக்கங்களைப் படமாக எடுத்துக் கோப்பாக்கினால் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் எங்கள் திரைவாசிப்பான் மென்பொருளால் அதை அப்படியே சரிவரப் படிக்க முடியாது. படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் கொண்டு அதை உரையாக மாற்றி, பிழைகளைத் திருத்தி, அட்டவணைகளைச் சொற்களில் விளக்கி, பக்க எண்களைக் குறித்துத் தந்தால் ஒரு நூல் எங்களுக்குத் திறக்கும். 2013ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் இணைந்த நாடுகளில், பதிப்புரிமை உள்ளவரிடம் தனி அனுமதி பெறாமலேயே இத்தகைய பிரதிகளை எங்களுக்காக உருவாக்க வழி செய்திருக்கிறது. சட்டம் வழிவிட்டும் நூல்கள் கிடைக்காததற்குக் காரணம், உட்கார்ந்து திருத்தித் தர ஆள் இல்லாததுதான்.

பதில்: பொது நிருவாகவியல் விரிவுரையாளர்

தங்கள் தோழியின் வாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தொண்டும் உரிமைக் குரலும் எதிரெதிரானவை என்ற எண்ணத்தை மாணவர் சமூகப் பணியின் வரலாறே மறுக்கிறது. 1884ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் தொடங்கப்பட்ட டாயின்பி ஹால், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் ஏழைத் தொழிலாளர்களின் பகுதியிலேயே தங்கிப் பணியாற்றும் இடமாக இருந்தது. அங்கே பணிபுரிந்தவர்களில் வில்லியம் பெவரிட்ஜும் கிளெமென்ட் அட்லியும் உண்டு. முன்னவர் எழுதிய 1942ஆம் ஆண்டின் அறிக்கை சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளம் ஆனது. பின்னவர் பிரதமராக இருந்தபோது, 1948இல், பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியது. வறுமையை அருகில் இருந்து பார்த்ததுதான் அவர்களை அதன் காரணத்தைத் தேட வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

டாயின்பி ஹாலைப் பார்த்துவிட்டு வந்த அமெரிக்கரான ஜேன் ஆடம்ஸ், தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற அதே போன்ற இல்லத்தைத் தொடங்கினார். அங்கே தங்கியிருந்தவர்கள் குழந்தைகளைப் பராமரித்தார்கள், மொழி கற்பித்தார்கள். அதோடு நிற்காமல், சுற்றியிருந்த வீடுகளைப் பற்றித் திரட்டிய விவரங்களைக் கொண்டு, எந்த வீட்டில் எந்த நாட்டவர், என்ன வருமானம் என்பதை வண்ண வரைபடங்களாக்கி 1895இல் வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவரான ஃபுளோரன்ஸ் கெல்லி, இலினாய் மாநிலத்தில் 1893ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உருவாகப் பாடுபட்டு, அதன் தலைமை ஆய்வாளராகவும் நியமிக்கப்பட்டார். உதவி செய்யப் போனவர்களின் கையில் விவரங்கள் சேர்ந்தன. விவரங்கள் கோரிக்கைக்கு வலுவூட்டின.

இதை இன்று மாணவர்கள் செய்வதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பல்கலைக்கழக வாயிலில் பாதசாரிகள் கடக்கும் பாதை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தாக இருக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதும் மனு பெரும்பாலும் கோப்புக்குள் போய்விடும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில், பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை, எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் முதியவர், குழந்தை, சக்கர நாற்காலியில் வருபவர் எத்தனை பேர், கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளோடு மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்று, எந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் சாலைப் பாதுகாப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படித்து விளக்குவது பொருளியல் மாணவி செய்யக் கூடிய மிகச் சிறந்த குடிமைப் பணி. தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில், வெளியிடப்படாத விவரத்தையும் எழுதிக் கேட்டுப் பெறலாம்.

பதில்: புவியியல் ஆய்வு மாணவர்

வெளியே செல்ல இயலாத வாரங்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 2014இல் செஞ்சிலுவை அமைப்புகளும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பிறரும் இணைந்து தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும், எவரும் திருத்தக் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையலாம். 2010ஆம் ஆண்டு ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் இப்படி வரைந்த வரைபடம் மீட்புப் பணிக்குப் பயன்பட்டது. நிழலைக் கட்டடம் என்று வரைந்துவிடுவது புதியவர்களிடம் காணப்படும் பிழை. கூரையின் விளிம்பை மட்டும் பின்பற்றுங்கள். அதேபோல், தன்னார்வலர்கள் உருவாக்கும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் பழைய நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்க்கலாம். ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சளாகவும், வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின் பச்சையாகவும் காட்டப்படும். மேலே நண்பர் சொன்ன திரைவாசிப்பானுக்கு உகந்த உரை இங்கும் உருவாகிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஸ்கிரைப் பணிக்குப் பெயர் கொடுக்க முடிவுசெய்திருக்கிறேன். தேர்வு இல்லாத மாதங்களில் நூல்களைத் திருத்தித் தருவேன். வாயிலில் பாதசாரிகளை எண்ணும் யோசனையைத் தோழியிடம் சொன்னேன். உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தையும் சேர்த்துப் படிப்போம் என்று அவளே முன்வந்திருக்கிறாள். ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது: என்னுடைய தேர்வும் அவர்களுடைய தேர்வும் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வது?

பதில்: பல்கலைக்கழகச் சமூகப் பணிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்

பருவத் தொடக்கத்திலேயே உங்கள் தேர்வு அட்டவணையை ஸ்கிரைப் பணியை ஒருங்கிணைப்பவரிடம் கொடுத்து, வர இயலாத நாள்களை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வேறு துறையில், வேறு ஆண்டில் படிக்கும் ஒருவரை, நீங்கள் வர இயலாத நாளில் உங்களுக்குப் பதிலாக எழுதும் இணையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் தேர்வும் ஒரே நாளில் அமைவது அப்போது அரிது. அந்த இணையரும் தேர்வு எழுதுபவரும் முன்னதாகவே ஒரு மாதிரித் தேர்வில் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். குரலும் வேகமும் பழகாத ஒருவரை அன்று காலையில் அனுப்புவதால் பயனில்லை.