சுழியம் எந்த முனையில் இருக்கிறது? மலைமேல் நடந்த ஆய்வரங்க வாரங்கள்

கொடைக்கானல் ஆய்வரங்கில் பேசிய ஆய்வு மாணவி:

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மூன்றாம் ஆண்டில், கொடைக்கானலில் ஒரு கணிதத் துறை நடத்திய ஐந்து நாள் ஆய்வரங்கில் இருபது நிமிடம் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கார்த்திகை மழைக்காலம் அது. வத்தலக்குண்டிலிருந்து ஏறிய பேருந்து பெருமாள்மலையைத் தாண்டும்போதே எதிரே சாலை தெரியாத அளவுக்கு மூடுபனி. முதல் நாளில் குத்துவிளக்கும் பொன்னாடைகளும் ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டன. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

என் பொருள் மரங்களின் ‘கிரேஸ்ஃபுல் லேபிளிங்’. மரம் என்பது முனைகள் எனப்படும் புள்ளிகளை, விளிம்புகள் எனப்படும் கோடுகளால், எங்கும் வளையம் வராமல் ஒன்றாக இணைத்த உருவம். ஒரு மரத்துக்கு n முனைகள் இருந்தால், அவற்றுக்கு 0 முதல் n–1 வரை எண்களிட வேண்டும். ஒவ்வொரு விளிம்பின் இரு முனைகளிலும் உள்ள எண்களின் வேறுபாட்டை எழுதினால், 1 முதல் n–1 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை வரவேண்டும். 1967-இல் ரோசா என்ற கணிதவியலாளர் இத்தகைய எண்ணிடுதலை அறிமுகப்படுத்தினார். எல்லா மரங்களுக்கும் இது இயலும் என்ற ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 35 முனைகள் வரை கணினியால் சரிபார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் முழு ஊகத்தையும் தொடவில்லை. ஒரு வகை மரங்களுக்கு மட்டும், சிறிய மரத்திலிருந்து ஒவ்வொரு முனையாகச் சேர்த்துப் பெரியதற்குப் போகும் கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிரூபித்துவிட்டதாக நம்பிக்கொண்டு போயிருந்தேன்.

மூன்றாம் நாள் என் முறை வந்தபோது மின்சாரம் நின்று, புரொஜெக்டர் அணைந்துவிட்டது. கரும்பலகையோ பனியில் ஈரம் பூத்திருந்தது. ஈரப் பலகையில் சாக்பீஸ் எழுதும்போது ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் எழுத்து வெளுத்து மேலெழும். ஆகவே நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவையினருக்கு அரை நிமிடம் பிந்தியே போய்ச் சேர்ந்தது. “சிறிய மரத்துக்கு எண்ணிட்டுவிட்டோம், இப்போது ஓர் இலைமுனையை, அதாவது ஒரே விளிம்பு கொண்ட முனையை, சேர்த்து அதற்கு n என்று எண்ணிடுவோம்” என்ற வரியை எழுதிவிட்டு இரண்டு வரி கீழே இறங்கியிருந்தேன். அந்த வரி அப்போதுதான் காய்ந்திருக்க வேண்டும். கடைசி பெஞ்சில் குல்லாயும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்த, சமவெளிக் கல்லூரியொன்றில் ஓய்வுபெற்று மலையிலேயே தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“ஏம்மா, நீ இலையைச் சேர்க்கிற முனையிலேதான் சுழியம் இருக்கும்னு யாரு சொன்னா?”

எனக்கு விளங்கவில்லை. அவரே முன்னால் வந்து, மூன்று முனைகளைக் கோடாக இழுத்து 0, 2, 1 என்று எண்ணிட்டார். வேறுபாடுகள் 2, 1. நான்காவது முனைக்கு 3 என்று எண்ணிட்டு அதை 1-இன் பக்கம் சேர்த்தால் மறுபடியும் 2 வந்துவிடுகிறது. 3 என்ற வேறுபாடு கிடைக்க வேண்டுமானால் அதை 0-வோடுதான் சேர்த்தாக வேண்டும். எட்டு மாத வேலை மூன்று புள்ளியில் முடிந்தது. என் வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அந்த வரியை நான்கு முறை படித்துக் கையெழுத்திட்டவர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

உதகையில் பணியாற்றி ஓய்வுபெற்ற கணித விரிவுரையாளர்:

பல ஆண்டுகளுக்கு முன் உதகையில் நாங்கள் நடத்திய ஆய்வரங்க வாரத்தில், தென்காசிப் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்த கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளையைப் பற்றி ஒரு பேராசிரியர் உரையாற்றினார். எந்த இயல் எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்குகளின் கூடுதலாக எழுதிவிடலாம் என்று நிரூபித்த பிள்ளை, 1950-இல் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். உரையாளர் அந்த முடிவைச் சொல்லிவிட்டு, “72 ஏன் போதாது?” என்று அவையைக் கேட்டார். நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் குறிப்பெடுப்பதுபோல் குனிந்துகொண்டோம்.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்த முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டின் ஆறாம் அடுக்கு 64, மூன்றின் ஆறாம் அடுக்கு 729. ஆகவே 729-க்குக் கீழே கையில் இருப்பவை 1-உம் 64-உம் மட்டுமே. 64-ஐப் பதினொரு முறை கூட்டினால் 704. அதற்கு ஒன்று குறைவாக 703-ஐ எடுத்தால் பத்து 64-களும் அறுபத்து மூன்று 1-களும் வேண்டும், ஆக 73. “வந்து பலகையில போடு கண்ணு” என்றார் உரையாளர். அவள் எழுதிவிட்டு இருக்கைக்குத் திரும்பாமல், “இது 703-க்குச் சரிங்க ஐயா. கோடிக்கணக்கில் போகும் எண்களுக்கும் 73 போதும்னு எப்படிங்க?” என்று கேட்டாள். பிள்ளையின் உழைப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. உரையாளர் தயாரித்து வந்த மீதிப் பக்கங்களை மூடிவைத்துவிட்டு அதற்கு விடை சொல்லத் தொடங்கினார். தேநீரும் வர்க்கியும் வெளியே ஆறிப்போயின.

கொடைக்கானலில் பேசிய அம்மணிக்கு ஒரு கேள்வி: அந்த நிரூபணம் பிறகு என்ன ஆயிற்று?

ஆய்வு மாணவி:

தேற்றம் சுருங்கிவிட்டது, ஐயா. “இலை சேர்க்கப்படும் முனையில் சுழியம் இருக்குமாறு சிறிய மரத்துக்கு எண்ணிட முடியுமானால்” என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டேன். எந்தெந்த மரங்களுக்கு அது முடியும் என்பதுதான் இப்போது என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். அந்தப் பெரியவருக்கு அதன் படியைத் தபாலில் அனுப்பினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு முனையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஏன் என்று இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.