மூன்றே நடிகர்களைக் கொண்டு கிரேக்கர்கள் ஒரு முழு நாடகத்தை எப்படி நடத்தினார்கள்?

கேள்வி:
சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தில், கோரஸை (ஆடிப் பாடும் குழுவை) தவிர்த்து எண்ணினாலும் பேசும் பாத்திரங்கள் எட்டு வருகின்றன. ஆனால் ஏதென்ஸில் ஒரு துன்பியல் நாடகத்துக்குப் பேசும் நடிகர்கள் மூவர் மட்டுமே என்றும், பெண் வேடங்களையும் அந்த ஆண்களே கட்டினார்கள் என்றும் படித்தேன். ஆயிரக்கணக்கானோர் கூடிய விழாவில் நான்காவதாக ஒருவரைச் சேர்ப்பதில் என்ன தடை? முகத்தை மறைத்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடாதா?

பதில் 1:
தொடக்கத்தில் கோரஸுக்கு எதிரே ஒரே நடிகர்தான் நின்றார். இரண்டாமவரை, சோஃபக்ளீஸுக்கு மூத்த நாடகாசிரியரான எஸ்கிலஸும் மூன்றாமவரைச் சோஃபக்ளீஸும் சேர்த்ததாக அரிஸ்டாட்டில் எழுதுகிறார். எண்ணிக்கை அங்கேயே நின்றதற்கு, அது ஒரு போட்டி என்பதே முதன்மையான காரணமாக இருக்க வேண்டும். டயோனிசஸ் என்ற தெய்வத்துக்கான விழாவில் மூன்று கவிஞர்கள், ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகங்களையும் ஒரு சாட்டிர் நாடகத்தையும் (கேலியும் கூத்தும் நிறைந்த சிறு நாடகம்) அரங்கேற்றிப் பரிசுக்காக மோதினார்கள். கோரஸின் செலவைச் செல்வந்தர் ஒருவர் ஏற்றார், கி.மு. 472இல் எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்துக்கு அப்படிச் செலவிட்டவர், பின்னாளில் ஏதென்ஸை வழிநடத்திய பெரிக்ளீஸ். நடிகர்களின் ஊதியம் நகர அரசுடையது என்பதால், ஒருவருக்கு மூவர், மற்றவருக்கு ஐவர் என்று கொடுக்க முடியாது. பேசாத துணை வேடங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னது சரி. ஆயினும் இந்தக் கட்டுப்பாட்டை எஸ்கிலஸ் எவ்வளவு துணிச்சலாகப் பயன்படுத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். கி.மு. 458இல் அரங்கேறிய ‘ஒரெஸ்டெயா’ முத்தொடரின் இரண்டாம் நாடகத்தில், ஒரெஸ்டெஸின் தோழன் பைலடீஸ் வாய் திறக்காமலே கூட வருகிறான். பார்ப்பவர்கள் அவனைப் பேசாத துணை ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள். பெற்ற தாயைக் கொல்ல வாளெடுத்த ஒரெஸ்டெஸ், அவள் தன் மார்பைக் காட்டிக் கெஞ்சியதும் தடுமாறி, “பைலடீஸ், நான் என்ன செய்வேன்?” என்று கேட்கிறான். பழிவாங்கச் சொன்ன அப்போல்லோ தெய்வத்தின் வாக்கை நினைவூட்டி, பைலடீஸ் மூன்றே வரிகள் பேசுகிறான். நாடகம் முழுவதிலும் அவன் பேசுவது அவ்வளவுதான். அதற்குச் சுமார் பன்னிரண்டு வரிகளுக்கு முன்புவரை அரண்மனைப் பணியாள் ஒருவன் பேசிக்கொண்டிருக்கிறான். பேசும் நடிகர்கள் நால்வராகிவிடக் கூடாது என்பதற்காக அந்த நடிகரே பைலடீஸாக மாறி வந்தார் என்று பழைய உரைக்குறிப்பு ஒன்று சொல்கிறது. முகமூடி தலைமுடியோடு சேர்த்துத் தலை முழுவதையும் மூடியதால் முகம் மாற்ற நேரமாகாது. ஆனால் அந்த இடைவெளிக்குள் உடையையும் மாற்றியிருக்க முடியுமா என்பதில் எனக்கு ஐயமே.

பதில் 3:
குரல் பற்றிய கேள்விக்கு: நிச்சயமாகக் காட்டிக்கொடுத்திருக்கும், அதை யாரும் குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. கி.மு. 449 முதல் துன்பியல் நாடகங்களின் முதன்மை நடிகருக்கும் தனிப் பரிசு வழங்கப்பட்டது என்பதால், எந்த முகமூடிக்குள் யார் இருக்கிறார் என்பதைப் பார்வையாளர்கள் அறிந்தேயிருக்க வேண்டும். கி.மு. 330இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமோஸ்தெனீஸ் தம் அரசியல் எதிரியும் முன்னாள் நடிகருமான எஸ்கினீஸை, மூன்றாம் தர வேடக்காரர் என்று நீதிமன்றத்திலேயே இகழ்ந்தார். இத்தனைக்கும் எஸ்கினீஸ் குரல் வளத்துக்குப் பெயர் பெற்றவர்.