கடல் காற்றாலைக்கு ஆட்சேபம்: எதை எழுதினால் செவிமடுப்பார்கள்?

தென்னைவரிசை கேட்டது:

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், செம்பனையும் தென்னையும் சூழ்ந்த ஒரு கடலோரத் தோட்டப் பட்டணத்தில் வசிக்கிறேன். எங்கள் கரைக்கு எதிரே கடலில் காற்றாலைகளை நிறுவவும், அவற்றின் மின்கம்பியைத் தோட்ட நிலத்தின் வழியே கொண்டுவந்து துணை மின்நிலையம் ஒன்றில் இணைக்கவும் ஒரு திட்டம் முன்மொழியப்பட்டிருப்பதாக அண்மையில் ஒரு கூட்டத்தில் தெரிவித்தார்கள். உடனே கோயில் மண்டபத்தில் கையெழுத்து திரட்டும் வேலை தொடங்கிவிட்டது. மீன் அழியும், தூக்கம் கெடும், புற்றுநோய் வரும், வீட்டு விலை சரியும் என்று எல்லாவற்றையும் அந்த மனுவில் ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள். அதை மலாயில் முறையாக எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் தோட்ட நிறுவனத்தின் லயத்து வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள். சிலர் மட்டும் சிறு படகு வைத்து மீன் பிடிக்கிறார்கள். எதை எழுதுவது, யாருக்கு அனுப்புவது?

ஈப்போ வரைவாளர்:

கையெழுத்துகளின் எண்ணிக்கை சட்டமன்ற உறுப்பினரை அசைக்கலாம். அதிகாரியின் மேசையில் அதற்கு எடை குறைவு. புற்றுநோய் பற்றிய வரியை இன்றே நீக்கிவிடுங்கள். ஆதாரமற்ற ஒரு வரி இருந்தால், அதை மறுத்துவிட்டு மற்றவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடக் காற்றாலை நிறுவனத்தின் ஆலோசகருக்கு வசதியாகிவிடும்.

யாருக்கு அனுப்புவது என்பதுதான் சிக்கல். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் (நிலப் பயன்பாட்டை வகுக்கும் ஆவணம்) இல்லாத பகுதியில் மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். உங்கள் விஷயத்தில் அந்தக் கடிதம் தோட்ட நிறுவனத்துக்குத்தான் போகும், மூன்று தலைமுறையாக லயத்தில் இருப்பவருக்குப் போகாது. மின்கம்பிக்கு நிலம் கொடுத்து வருமானம் பெறப்போகிறவர் உங்களுக்காக வாதாடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே சுற்றுச்சூழல் துறையை நாடுங்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவின் கீழ் இத்திட்டத்திற்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையா, தேவையானால் அது தாக்க மதிப்பீடு பற்றிய 2015 ஆணையின் இரண்டாம் அட்டவணையில் சேருமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டாம் அட்டவணை அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். கருத்துச் சொல்ல நிலப் பட்டா வேண்டியதில்லை. கடலை நிரப்பிச் செயற்கைத் தீவுகள் அமைக்கும் பினாங்கு தெற்குத் தீவுகள் திட்டத்திற்குக் கொடுத்த அனுமதியை மீனவர்கள் மேல்முறையீடு செய்து 2021இல் ரத்து செய்ய வைத்தார்கள். 2023இல் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் மூன்று தீவுகளாக இருந்த திட்டம் அதன் பிறகு ஒரு தீவாகச் சுருங்கியது.

வடகடல் தமிழன்:

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்தவன். இப்போது இங்கிலாந்தில் கடல் காற்றாலைத் துறையில் பணியாற்றுகிறேன். இங்கே எந்த ஆட்சேபங்கள் வென்றன என்று பார்த்தால் பாடம் தெளிவாகும். நார்ஃபோக் கரைக்கு அப்பால் திட்டமிடப்பட்ட டாக்கிங் ஷோல் என்ற கடல் காற்றாலைத் திட்டம் 2012இல் நிராகரிக்கப்பட்டது. அருகிலிருந்த ரேஸ் பேங்க், டட்ஜன் ஆகிய இரண்டும் அதே வேளையில் அனுமதி பெற்றன. அங்கே கூடு கட்டும் ஆலாப் பறவைகளில் எத்தனை காற்றாலை இறக்கைகளில் அடிபடும் என்ற கணக்கே அந்த முடிவுக்குக் காரணம். டோர்செட் கரையில் நேவிடஸ் பே காற்றாலைத் திட்டம் 2015இல் நிராகரிக்கப்பட்டதற்கு, உலகப் பாரம்பரியச் சின்னமான கடற்கரையின் தோற்றம் கெடும் என்ற வாதம் முக்கிய காரணமாயிற்று. இரண்டிலும் ஆட்சேபம் ஒரு குறிப்பிட்ட இடத்தையும் ஒரு குறிப்பிட்ட இழப்பையும் பற்றியதாக இருந்தது.

மீன் அழியும் என்று எழுதாதீர்கள். தூண்களின் அடியில் சிப்பிகள் ஒட்டி மீன்கள் கூடுவதுமுண்டு. அதை எடுத்துக் காட்டி உங்களை வாயடைத்துவிடுவார்கள். கட்டுமானத்தின்போது தூண்களை அடித்து இறக்கும் ஓசை கடல் பாலூட்டிகளுக்குத் தீங்கானது. பேராக்கின் மாத்தாங் கரையில் ஓங்கில்கள் (டால்பின்கள்) உள்ளன, குவாலா கூலாவுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. இவை வலுவான கேள்விகள். அவற்றைவிட வலுவானது, காற்றாலைகளுக்கிடையே படகுகள் போக முடியுமா, வலை விரிக்க முடியுமா என்பது. யார் எந்தப் பருவத்தில் எங்கே வலை விரிக்கிறார் என்பதை வரைபடத்தில் குறித்து இணைத்தால், பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

பழைய கிராணி:

முதலில் காற்று எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மலாக்கா நீரிணையில் காற்று மெல்லியது. காற்றாலை சுழலத் தொடங்கவே விநாடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகம் வேண்டும். வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அவ்விடத்தில், அந்த உயரத்தில் அளந்த காற்றுப் பதிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், இது நிலம் பிடிக்கும் வேலையா என்று நான் ஐயப்படுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் கட்டடம் கூடாது என்று அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பூங்கா தப்பியது நல்லதே. ஆனால் அத்திட்டத்தில் வீடு கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள், புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்திலிருந்து நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்ட நம் மக்கள். ஆட்சேபத்தை எழுதும்போது, லயத்தாருக்கு என்ன வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்: கம்பி வரும் பாதையில் வீடுகள் பெயர்க்கப்பட்டால் எங்கே, யார் செலவில், எந்த உரிமையோடு மாற்றுவீட்டைத் தருவார்கள் என்று.

தென்னைவரிசை:

மிக்க நன்றி. புற்றுநோயையும் வீட்டு விலையையும் நீக்கிவிட்டேன். கோயில் தலைவர் சற்று வருத்தப்பட்டார், அது போகட்டும். படகுக்காரர்களில் சிலருக்கு உரிமம் இல்லை. வரைபடத்தில் அவர்கள் பெயரைக் குறித்தால் அவர்களுக்கே வினையாகுமா?

ஈப்போ வரைவாளர்:

ஆகும். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி உரிமமின்றிப் பிடிப்பது குற்றம். வரைபடத்தில் பெயர் வேண்டாம்; இடமும் பருவமும் வலையின் வகையும் போதும். உரிமம் உள்ளவர்கள் மட்டும் தங்கள் உரிமத்தின் நகலை இணைத்துத் தனிக் கடிதத்தில் கையொப்பமிடட்டும். லயத்தாரின் கடிதம் தனியாகப் போகட்டும். இரண்டின் நகல்களையும் மீன்வளத் துறைக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.