வாயாடிக் குட்டிக்கு அஜிலிட்டி: வாயை அடக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

மிளகு வீட்டுக்காரி (கோவை):

வணக்கம். மிளகு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் இடத்தில், மணல் குவியலுக்குப் பின்னால் கிடந்தவள். நாட்டு நாய், முழுக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை. டாக்டர் பல்லைப் பார்த்து நாலு மாதம் இருக்கும் என்றார். எடை 8 கிலோ.

பிரச்சினை அந்தப் பல்தான். காலையில் கதவைத் திறந்தால் வாலுக்கு முன்னால் வாய் வந்துவிடுகிறது. கணவரின் லுங்கி ஓரம், மகளின் ஷூ லேஸ், மாமியாரின் முந்தானை என்று எது அசைந்தாலும் பிடித்துத் தொங்குகிறாள். மாமியார் முந்தானையை இடுப்பில் செருகி, முறத்தைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டுதான் கொல்லைப்புறம் போகிறார். எங்களுக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கு வரவில்லை.

மகள் எட்டாவது படிக்கிறாள். யூடியூபில் க்ரஃப்ட்ஸ் என்ற பிரிட்டன் நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டி ஓட்டங்களை (ஆள் கூடவே ஓடி வழிகாட்ட, நாய் தடைகளைக் கடந்து ஓடும் போட்டி) பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் ஹாலோ பிளாக் கல் அடுக்கி மேலே பிவிசி பைப்பை வைத்தாள். முதல் நாளே மிளகு தாண்டிவிட்டாள். தாண்டிய கையோடு பைப்பைக் கவ்விக்கொண்டு மாடி முழுக்க ஓட்டம். இரண்டாம் நாள் பைப் பக்கமே போகவில்லை. கூடவே ஓடிய மகளின் முழங்கையைக் கவ்விவிட்டாள். பல் பதிந்தது, ரத்தம் இல்லை.

இந்த வாயை நிறுத்திய பிறகுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டுமா? எவ்வளவு உயரம் வரை தாண்ட விடலாம்? வளைந்து வளைந்து ஓடும் கம்பங்களை இப்போதே நட்டுவிடலாமா? காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பந்து எறிகிறோம். அப்படியும் இரவு எட்டு மணிக்குப் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறாள். இன்னும் எவ்வளவு ஓட விட்டால் களைத்துப்போவாள்?

தோட்டத்து வீடு:

நாட்டு நாய்க்கு எதற்கம்மா சர்க்கஸ். கடித்தால் மூக்கில் ஒரு தட்டு, கவ்வும் பொருளுக்கெல்லாம் வேப்பெண்ணெய். எங்கள் தோட்டத்தில் மூன்று நாய் வளர்ந்தது இப்படித்தான்.

இரண்டு நாய்க்காரன் (பெங்களூர்):

தோட்டத்து வீடு அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், மூக்கில் தட்டுவதை நானும் செய்து பார்த்தவன்தான். என் முதல் நாய் கடிப்பதை நிறுத்தவில்லை. கை அருகே வந்தாலே தலையைத் திருப்பிக்கொள்ள மட்டும் கற்றுக்கொண்டது. அஜிலிட்டியில் நாய்க்கு வழி சொல்வதே நம் கையும் தோளும் காலும்தான். அந்தக் கையைக் கண்டு ஒதுங்கும் நாயை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது?

சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மிளகுக்கு ஓட்டம் போதாமல் இல்லை, தூக்கம்தான் போதவில்லை. இந்த வயதுக் குட்டி ஒரு நாளின் பெரும்பகுதி தூங்க வேண்டும். கல்யாண வீட்டில் பகல் தூக்கம் தூங்காத குழந்தை ராத்திரி எப்படி ஆடும்? எட்டு மணிப் பேய் அதேதான். கட்டிலுக்கு அடியிலோ கூண்டிலோ இருட்டாக ஓர் இடம் செய்து, மேலே ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் இரண்டு மணி நேரம் அங்கே. முதல் மூன்று நாள் முனகுவாள். பந்தை நிறுத்துங்கள். மாடியின் சிமெண்ட் தரையில் நூறு முறை பாய்ந்து, பிரேக் போட்டு, திரும்புவது அந்தக் கால்களுக்கு நல்லதில்லை.

தாண்டுவதும் அப்படித்தான். எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இவள் அளவு நாய்க்கு ஏறத்தாழ ஒரு வயதில்தான் மூடும், பெரிய நாய்க்கு இன்னும் தாமதமாகும். அதுவரை பைப் தரையிலேயே கிடக்கட்டும், மேலே நடந்து போகட்டும். கம்பங்களும் பிறகுதான், முதுகை அவ்வளவு வேகமாக முறுக்கும் வேலை அது. பிரிட்டனிலும், பல நாட்டு நாய்க் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. விதிப்படியும் 18 மாதம் ஆகாத நாயைப் போட்டியில் இறக்க முடியாது. என் முதல் நாயை எட்டாவது மாதத்திலேயே இடுப்புயரம் தாண்ட வைத்துக் கைதட்டியவன் நான். ஐந்து வயதில் பின்னங்கால் மூட்டு போனது. அதனால்தான் போனது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீடியோவை இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்புறம், வாய். அதை நிறுத்திவிட்டுத் தொடங்குவதா என்றீர்கள். நிறுத்தவே வேண்டாம், அதற்கு ஒரு விலாசம் கொடுங்கள் போதும். துணியைப் பிடித்து இழுக்க ஆசைப்படும் நாய் கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் எந்த மைதானத்திலும் உடனே கொடுக்கக்கூடிய பரிசு அது. பழைய ஜீன்ஸைக் கிழித்து உங்கள் கை நீளத்துக்குப் பின்னுங்கள். குட்டையாக இருந்தால் விரல்தான் மாட்டும். தரையோடு தரையாக, பாம்பு போல ஓட விடுங்கள். கவ்வியதும் இழுப்பது அவளாக இருக்கட்டும், நீங்கள் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் லேசாக அசையுங்கள். மேலே தூக்கவே கூடாது, கழுத்துக்கும் ஆகாது, பால் பல்லுக்கும் ஆகாது.

பத்து விநாடி கழித்துப் பின்னலைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். செத்த பாம்பை யார் இழுப்பார்கள்? முதல் தடவை அரை நிமிடம் ஆகும். வாய் தளர்ந்த அந்த நொடியில் 'எடு' என்று சொல்லிப் பாம்புக்கு மறுபடி உயிர் கொடுங்கள். விட்டால் ஆட்டம் முடிவதில்லை, விட்டால்தான் தொடங்குகிறது என்று அவளுக்குப் புரிய வேண்டும். தானாக விடத் தொடங்கிய பிறகு 'விடு' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். பல் தோலில் பட்டால் கத்த வேண்டாம், துரத்த வேண்டாம். எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய் இருபது விநாடி நின்றுவிட்டு வாருங்கள்.

மகளின் முழங்கைக்குக் காரணம் வேறு. பரிசு கையிலிருந்தே வந்தால் நாய் கையைப் பார்த்துத்தான் ஓடும், வேகம் கூடினால் கையைப் பிடிக்கும். ஓர் எவர்சில்வர் தட்டை நாலடி முன்னால் வைத்து, வேகவைத்த கோழித் துணுக்கை அதில் 'டிங்' என்று விழும்படி போடச் சொல்லுங்கள். இரண்டே நாளில் அவள் கண் தட்டுக்குப் போய்விடும். அப்புறம் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து, அதைச் சுற்றிக்கொண்டு தட்டுக்குப் போக விடலாம், இடமாக ஒன்று, வலமாக ஒன்று. பின்னாளில் தடைக் கம்பத்தைச் சுற்றி நறுக்கென்று திரும்புவதற்கு அடிப்படை இதுதான்.

கடைசியாக, நாய்க்குத் தனக்குப் பின்னங்கால் இருப்பதே சரியாகத் தெரியாது. வீட்டில் மணைப்பலகை இருந்தால் முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைக்கச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் அரை அடி நகர்ந்தால் பின்னங்கால் மட்டும் வட்டம் போட வேண்டும். பலகைக்கு அடியில் ஓரமாகத் துணியை மடித்து வைத்தால் 'டக்'கென்று ஆடும். அந்த ஆட்டமும் சத்தமும் இப்போதே பழகிவிட்டால் பிறகு போட்டியில் வரும் சீசா என்ற ஏற்ற இறக்கப் பலகையைக் கண்டு மிரள மாட்டாள். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. சாப்பாட்டுக்கு முன்னால்.

சர்க்கஸ் என்றது ஒரு வகையில் சரிதான். 1978-இல் க்ரஃப்ட்ஸில், குதிரைகளின் தடை தாண்டும் ஓட்டத்தைப் பார்த்து, இடைவேளையில் கூட்டத்துக்குப் பொழுதுபோகச் செய்து காட்டியதுதான் இந்த விளையாட்டு.

ஊசி மருந்து:

கால்நடை மருந்தகத்தில் வேலை, டாக்டர் இல்லை. நாலு மாதத்தில் 28 பால் பல்லும் விழத் தொடங்கும், ஆறேழு மாதத்துக்குள் 42 முளைக்கும். ஈறு தினவெடுக்கும், கடிக்கத்தான் செய்யும். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். வேகவைத்த எலும்பு வேண்டாம், சிதறிக் குத்தும். பல் விழும் நாளில் இழுக்கும் விளையாட்டில் ரத்தம் தெரிந்தால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தெருவில் பிறந்த குட்டி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். எப்போதாவது தோல் கிழிந்து ரத்தம் வந்தால் 'நம் குட்டிதானே' என்று மஞ்சள் வைக்க வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் 15 நிமிடம், அன்றைக்கே டாக்டர்.

மிளகு வீட்டுக்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டு பல் விழுந்தது, ஒன்றை மகள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.

தூக்கம் விஷயத்தில் நான் நம்பவில்லை. ஆனால் நாலாவது நாள் எட்டு மணிக்கு வீடே அமைதி, செத்துக்கித்துப் போனாளா என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். லுங்கி இன்னும் தப்பவில்லை. முழங்கை தப்பிவிட்டது. இப்போது டம்ளர் தட்டில் பட்டாலே ஓடிவருகிறாள், அது ஒரு புதுத் தொல்லை.

எதிர்பாராதது மாமியார். மணை அவருடையது, கீழே உட்கார்ந்து கீரை ஆய்வதற்கு வைத்திருப்பது. நாங்கள் பழக்கிய பிறகு அவர் அதை எடுத்துப் போட்டாலே மிளகு ஓடிவந்து முன்னங்காலை வைத்து நின்றுவிடுகிறாள். முதலில் விரட்டினார். இப்போது "இறங்குடி, என் இடம்" என்று சொல்லிக்கொண்டே நகர்கிறார், அவளும் சுற்றுகிறாள். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதற்காகவே இன்னொரு மணை வாங்கினோம்.

ஒரு சந்தேகம்: இடப்பக்கம் முழு வட்டம் வருகிறது. வலப்பக்கம் பாதியில் நின்று மணையைக் கடிக்கிறாள்.

இரண்டு நாய்க்காரன்:

நமக்கு வலக்கை, இடக்கை மாதிரிதான், பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு பக்கம் முந்தும். வலப்பக்கம் முழு வட்டம் கேட்காதீர்கள். பின்னங்கால் ஓர் அடி நகர்ந்ததும் துணுக்கு, அவ்வளவுதான், ஒரு வாரம். கேட்டது அதிகமாகிவிட்டால் அவள் மணையைக் கடித்துச் சொல்கிறாள். ஒரு பக்கமாகத் திரும்பும்போது மட்டும் எப்போதும் காலைத் தூக்கினாலோ நொண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியார் நகரும்போது எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் இருக்கும்.