தவக்கால நீண்ட நற்செய்திகளை அன்பியத்தில் எப்படித் தியானிப்பது?

இயேசுவுக்குப் புகழ்! பங்குகளில் பெரியவர்களுக்கு மறைக்கல்வி நடத்தும் சகோதர சகோதரிகளிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

ஞாயிறு திருப்பலி வாசகங்களின் மூவாண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டில், தவக்காலம் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் பகுதிகள் வருகின்றன. திருமுழுக்குக்குத் தயாராகும் பெரியவர்களின் பயணத்தோடு பிணைந்த வாசகங்கள் இவை; விட்டுவிட மனமில்லை. ஆனால் நீளம்! பார்வையற்றவர் பகுதியான யோவான் 9 மட்டும் 41 வசனம்.

அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்தார் கூடும் சிறு குழுவில், வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் அமைந்திருத்தல் ஆகிய நான்கு படிகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான். இருமுறை வாசித்தாலே கால் மணி போய்விடும். பிறகு, ‘எந்தச் சொல் உங்களைத் தொட்டது?’ என்றதும் விவரம் தெரிந்த ஒருவர் பிரசங்கம் தொடங்கிவிடுவார், மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ‘ஆளுக்கு ஒரே வாக்கியம், யாரும் மறுத்துப் பேசக்கூடாது’ என்று முதலிலேயே சொன்னால் ஓரளவு சரியாகிறது. கடைசியில் பலியாவது அமைதி நேரம்தான். அதில் கைவைக்க விருப்பமில்லை.

யோவான் 9க்குத் திருப்பலி வாசக நூல் தரும் குறுகிய வடிவத்தை (9:1, 6-9, 13-17, 34-38) எடுக்கலாமா? அதில் 11ஆம் வசனம் விடுபடுகிறது. இயேசுவை முதலில் ‘மனிதர்’, பிறகு ‘இறைவாக்கினர்’, கடைசியில் ‘ஆண்டவரே’ என்று பார்வை பெற்றவர் படிப்படியாக அறிந்துகொள்வதில் முதல் படியே காணாமல் போகிறது. அல்லது 1-12, 13-34, 35-41 என மூன்று அமர்வாகப் பிரிப்பதா?

எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிகளும் உள்ள அன்பியங்களில் நடத்தியவர்கள், எந்தப் படிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினீர்கள் என்று எழுதுங்கள்.