முதல் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: 40,000 ரூபாய்க்குள் எது எடுக்கலாம்?

அண்ணன்மாரே, இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. ஞாயிறு காலையில் அமிர்தி பக்கம் மண் பாதையில் ஓட்டுகிறேன், ஜவ்வாது மலையும் போக ஆசை. இப்போதுள்ள பழைய சைக்கிளில் இறக்கத்தில் முதுகு வலிக்கிறது. அதனால் முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி பார்க்கிறேன். 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். புதுசா, பழசா?

காட்பாடியிலிருந்து:
தம்பி, இந்தக் காசுக்குப் புது ஃபுல் சஸ்பென்ஷன் வேண்டாம். மலிவான வண்டிகளில் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான், அது எகிறுவதை அடக்கும் டேம்பிங் கிடையாது. பள்ளத்தில் இறங்கினால் குதிரை மாதிரி எகிறும், ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும், எடையும் அதிகம். அதே காசில் ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று உள்ள முன் ஃபோர்க்), ஹைட்ராலிக் பிரேக் உள்ள ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, தேடுங்கள். அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே முதுகுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

ஆம்பூரிலிருந்து:
அண்ணா சொல்வது சரி, ஆனால் ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேண்டுமென்றால் நல்ல கம்பெனி பழைய வண்டியாகப் பாருங்கள். சீட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், பின் சக்கரம் எழும்புவதற்கு முன் லொடலொடவென்று ஆடினால் பின் பக்கம் மடங்கும் இடத்து பிவட் பேரிங்கோ, ஷாக்கை மாட்டும் இடத்து புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். நான் இதைப் பார்க்காமல் வாங்கி, அப்புறம் ரிப்பேருக்கே 9,000 ரூபாய் கொடுத்தேன்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்படியானால் ஹார்ட்டெயில்தான். ஏர் ஃபோர்க்கில் காற்று எவ்வளவு?

காட்பாடியிலிருந்து:
உங்கள் எடையைப் பொறுத்தது. ஏறி நின்றால் ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த தூரத்தில் 20 சதவீதம் போல அமுங்க வேண்டும். அதிக அழுத்தத்தில் காற்றடிக்கும் ஷாக் பம்ப் ஒன்று சேர்த்து வாங்குங்கள், சாதா பம்ப் இதற்கு ஆகாது.