ஆராதனையில் வாத்தியம்: "பாடுங்கள்" என்ற கட்டளைக்குள் டிரம்ஸ் எங்கிருந்து வந்தது?

ஹென்னூர்வாசி:

போன மாதம் உறவினர் வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காக பெங்களூர் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தமிழ்ச் சபைக்குப் போயிருந்தோம். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற என் மனைவி பாடியது எனக்குக் கேட்கவில்லை; நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு. பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போவது "கிறிஸ்துவின் சபை" என்ற சபைப்பிரிவுக்கு. அங்கே வாத்தியமே கிடையாது. அதற்குக் காரணம் ரசனை அல்ல, வசனம். எபேசியர் 5:19, கொலோசெயர் 3:16 இரண்டும் பாடச் சொல்கின்றன. எதையும் மீட்டச் சொல்லவில்லை. கடைசி இராப்போஜனத்துக்குப் பின் ஆண்டவரும் சீடரும் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள். பவுலும் சீலாவும் சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள். ஆதிச்சபை வாத்தியம் வாசித்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஓர் இடம் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

எருசலேம் தேவாலயத்தில் கைத்தாளமும் சுரமண்டலம் என்ற நரம்புவாத்தியமும் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. 2 நாளாகமம் 29ஐப் படியுங்கள்: எசேக்கியா ராஜா காலத்தில் சர்வாங்க தகனபலி (முழுவதும் எரிக்கும் பலி) தொடங்கியபோது பாட்டும் பூரிகை என்ற ஊதுகருவியும் தொடங்கின, பலி முடியும்வரை நடந்தன. வாத்தியம் பலியோடு கட்டப்பட்டது. நாம் ஆட்டுக்கடாவைக் கொண்டுவருவதில்லை. கைத்தாளத்தை மட்டும் ஏன் கொண்டுவருகிறோம்?

கீர்த்தனைப்பிரியை:

சகோதரரே, நீங்கள் காட்டிய அதே அதிகாரம் உங்களுக்கு எதிராக நிற்கிறது. பலி எரிந்தபோது வாத்தியம் மட்டுமா ஒலித்தது? ஆலயப் பாடகரான லேவியரும் பாடினார்கள். பலியோடு சுரமண்டலம் போய்விட்டதென்றால் லேவியரின் பாட்டும் போயிருக்க வேண்டும். பாட்டை வைத்துக்கொண்டு வாத்தியத்தை மட்டும் தள்ளுவதற்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

எபேசியர் 5:19இல் "கீர்த்தனம்பண்ணி" என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் ப்ஸல்லோ. வாத்தியத்தின் நரம்பைச் சுண்டுவது என்பதுதான் அதன் பழைய பொருள். வெளிப்படுத்தல் 5:8இல் மூப்பர்கள் கையில் சுரமண்டலம் இருக்கிறது. பரலோகத்தில் தகும், பிரேசர் டவுனில் தகாதா?

நான் 26 வருடமாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பாடகர் குழுவில் இருக்கிறேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போட்டுக் கொடுத்த வழியில் வந்தவை நம் கீர்த்தனைகள். பல்லவி, அனுபல்லவி, சரணம், இராகம், தாளம் எல்லாம் அவற்றோடு பிறந்தவை. தாளத்தை எடுத்துவிட்டால் கீர்த்தனை நொண்டும். துணையில்லாமல் சபை பாடினால் என்ன நடக்கும் என்பதை நான் காதால் அறிவேன்: நான்காம் சரணம் வருவதற்குள் சுருதி ஒரு கட்டை இறங்கிவிடும், வேகமும் பாதியாகிவிடும். உங்கள் சபையில் அப்படி ஆவதில்லையா?

ஹென்னூர்வாசி:

சகோதரி, லேவியரைப் பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி. என் பதில்: பாட்டுக்குப் புதிய ஏற்பாட்டில் மறுபடியும் கட்டளை வந்தது, வாத்தியத்துக்கு வரவில்லை.

ப்ஸல்லோவுக்குப் பழைய பொருள் நீங்கள் சொன்னதுதான். ஆனால் கிரேக்கத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் அந்த வசனத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? கிரேக்க நாட்டு ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் இன்றுவரை குரல் மட்டும்தான். துணையின்றிப் பாடுவதற்கு உலகமே வழங்கும் "அகப்பெல்லா" என்ற இத்தாலியச் சொல்லுக்கே "சிற்றாலய முறையில்" என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஸூரிக் நகரத்தில் சபைச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி ஆராதனையிலிருந்து ஆர்கனை நீக்கினார். அவர் இசை தெரியாதவர் அல்லர். பல வாத்தியங்களைத் திறமையாக வாசித்தவர். தனக்குப் பிரியமானதையே வசனத்துக்காக வெளியே வைத்தார்.

சிவாஜிநகர் அந்தோணி:

கத்தோலிக்கன் நான், ஒரு வார்த்தை. சபை இதில் ஒரே நிலையில் நின்றதே இல்லை. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கோயிலுக்குள் பியானோவையும் மேளத்தையும் தாளத்தையும் தடை செய்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழாய் ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்து, வழிபாட்டுக்குப் பொருந்தும் மற்ற வாத்தியங்களுக்கும் கதவைத் திறந்தது. நாலு வருடத்தில், 1967இல், இதே பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் எழுந்தது. அதை நிறுவி நடத்தியவர் தமிழரான அமலோர்பவதாஸ் அடிகளார். இந்திய மண்ணின் இசையும் விளக்கும் மலரும் பூசைக்குள் வர அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆர்த்தடாக்ஸ் என்றால் கிரேக்கம் மட்டுமில்லை, ஐயா. எத்தியோப்பியாவின் சபையும் மிகப் பழமையானதுதான். அங்கே பெரிய மேளம் கொட்டித்தான் பாடுகிறார்கள்.

ஆனாலும் ஹென்னூர் ஐயா சொல்லும் மௌனத்தின் அருமை எங்களுக்கும் தெரியும். பெரிய வியாழன் இரவு வானவர் கீதம் முடிந்ததும் மணி நின்றுவிடும். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவுவரை மரக்கட்டையைத் தட்டும் ஓசைதான். அந்த இரண்டு நாளில் கேட்கும் மனிதக் குரல் வேறு.

மாரிக்குப்பம் பேரன்:

இவ்வளவு நேரம் வசனமும் வருடமும் பேசினீர்கள். எந்த வாத்தியம் உள்ளே வந்தது, எது வாசலில் நிறுத்தப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்த சுரங்கத் தொழிலாளி. பறை அடிப்பார். வைக்கோலைக் கொளுத்தித் தோலை வாட்டுவார். விரலால் தட்டிப் பார்ப்பார், மறுபடியும் தீயில் காட்டுவார். தோல் இறுகி ஓசை ஏறிய பிறகுதான் அடிகுச்சியும் சுண்டுகுச்சியும் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை அதே கையோடு கோயிலுக்குப் போவார், பறை வீட்டில் தொங்கும். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பவனியில் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு, அது சாவுமேளம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் கோயிலுக்குள் ஆர்மோனியம் இருந்தது. 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற பெட்டி அது. அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை அதை இந்திய இசைக்கு ஆகாதென்று ஒதுக்கி வைத்திருந்தது. வேற்றுநாட்டுப் பெட்டி புனிதம், தாத்தாவின் பறை தீட்டு. இதை முடிவு செய்தது எபேசியரா?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு என்ற "பரட்டை" ஐயா நாட்டுப்புற இசையையும் பறையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 2005இல் மறைந்தார். சுரங்கம் 2001இல் மூடிய பிறகு நாங்கள் பெங்களூருக்கு வந்தோம். இங்கே எங்கள் சபையில் போன ஈஸ்டருக்குத்தான் முதல்முறையாகப் பறை உள்ளே ஒலித்தது, அடித்தவன் நான். எங்களுக்குக் கதவு திறந்த அடுத்த வருடமே "வாத்தியமே வேண்டாம், எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்" என்கிறீர்களே அண்ணன், இது எப்படி வலிக்கும் என்று யோசித்தீர்களா?

ஹென்னூர்வாசி:

தம்பி, இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். உங்கள் தாத்தாவிடம் சொன்ன சொல் பாவம். அதை எந்த வசனத்தாலும் மூடக்கூடாது.

ஆனால் எங்கள் சபையில் உங்கள் தாத்தாவுக்கு அந்த அவமானம் நேர்ந்திருக்காது. ஆர்கன் வாங்கிக் கொடுத்தவர் என்று ஒருவர் அங்கே இல்லை, மேளத்தை வெளியே வைத்தவர் என்று ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் உள்ளது தொண்டை மட்டும்.

மாரிக்குப்பம் பேரன்:

தொண்டை எல்லாருக்கும் ஒன்று என்பது சரி. அதில் எந்த இராகம், எந்த மொழிநடை என்று முடிவு செய்கிறவர் யார்? உங்கள் பாட்டுப் புத்தகத்தில் எங்கள் தெம்மாங்கு எத்தனை இருக்கிறது அண்ணன்?

பெரியவர் மகள்:

நான் எந்தப் பக்கமும் இல்லை. அப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவருக்கு 81 வயது. இரண்டு காதிலும் கருவி. நாங்கள் போகும் சபையில் ஆராதனை தொடங்கியதும் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கருவி எல்லா ஓசையையும் சேர்த்தே பெருக்குகிறது; டிரம்ஸ் அடித்தால் மண்டைக்குள் அடிப்பதுபோல் இருக்கிறதாம். கழற்றிய பிறகு பாட்டும் கேட்காது, ஜெபமும் கேட்காது. பிரசங்கம் ஆரம்பிக்கும்போது நான் அவர் முழங்கையைத் தொட வேண்டும். ஞானப்பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த மனிதர், 40 நிமிடம் ஒன்றும் கேட்காமல் நிற்கிறார். சபையின் இசைக்குழுவில் சொன்னேன், இளைஞர்கள் வராமல் போய்விடுவார்கள் என்றார்கள்.

கீர்த்தனைப்பிரியை:

சகோதரி, இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஓசையைக் குறைப்பதற்கு எந்த வசனமும் தேவையில்லை. எங்கள் குழுவில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: சபையின் குரல் வாத்தியக்காரர் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் வாத்தியம் குறைய வேண்டும். இதை இந்த ஞாயிறே உங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இளைஞர்களைப் பற்றி அவர்கள் சொன்னது வெறும் சாக்கு அல்ல. என் மகனுக்கு 14 வயது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் எழுத்து தெரியாது. திரையில் ஆங்கில எழுத்தில் போடும் பாட்டை வாயசைத்துக்கொண்டு நிற்பான், பொருள் பாதி புரியாது. அவன் கையில் வயலின் கொடுத்தேன். இன்று முகாரி இராகத்தில் ஒரு கீர்த்தனையை வாசிக்கும்போது எந்தச் சொல்லில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறான். அதற்காகவே அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்கிறான். அவனுக்கும் தமிழ் ஆராதனைக்கும் இடையில் இருக்கும் பாலம் அந்த நாலு தந்திதான். ஹென்னூர் சகோதரரே, நீங்கள் எடுக்கச் சொல்வது அதை.

சுருதியைப் பற்றிக் கேட்டேன், அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஹென்னூர்வாசி:

உங்கள் மகனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சகோதரி. என் கருத்து மாறவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

தெம்மாங்கு பற்றிக் கேட்ட தம்பிக்கு: எங்கள் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும். மூப்பர்களிடம் கேட்கப் போகிறேன்.

சுருதி இறங்குகிறது, உண்மை. எங்களில் மூத்தவர் ஒருவர் தொடங்குவார். சில நாள் மேலே பிடித்துவிடுவார், சரணத்தில் பெண்களுக்கே எட்டாது. அப்போது கையைத் தூக்கி நிறுத்துவார். மின்விசிறி ஓசை மட்டும் கேட்கும். பிறகு தாழ்வாக இன்னொரு முறை தொடங்குவார். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆராதனை. மகனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.